வீட்டு ஃபைபர் 200, லீஸ்டு லைன் 50: விலை மட்டும் ஏன் தலைகீழ்?

கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிவிடுகிறேன். நீங்கள் ஈரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டர் நடத்துகிறீர்கள். ஒரு சிடி, இரண்டு அல்ட்ராசவுண்ட். இரவில் எடுக்கும் சிடி படங்களைச் சென்னையில் இருக்கும் ரேடியாலஜிஸ்ட் பார்த்து ரிப்போர்ட் தருகிறார். இப்போது இருப்பது 200 எம்பிபிஎஸ் வீட்டு ஃபைபர். சில இரவுகளில் படம் போய்ச் சேர நேரமாகிறது, எப்போதாவது லைனே போய்விடுகிறது. 50 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன், அதாவது உங்களுக்கென்றே ஒதுக்கும் தனி லைன், போடுங்கள் என்று ஒரு விற்பனையாளர் வந்து நிற்கிறார், விலையோ பல மடங்கு. "200-ஐ விட்டுவிட்டு 50-க்கு எதற்கு இவ்வளவு பணம்? ரெண்டும் அதே கண்ணாடி இழைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆமாம், அதே கண்ணாடி இழைதான். பல தெருக்களில் வீட்டு இணைப்பும் ஆபீஸ் இணைப்பும் ஒரே கேபிளுக்குள் அடுத்தடுத்த இழைகளாகவே வருகின்றன. அந்த இழையை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள், கம்பெனி எதற்கு எழுத்தில் பொறுப்பேற்கிறது, அறுந்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருவார் என்பதில்தான் வித்தியாசம். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எம்பிபிஎஸ் இதற்கெல்லாம் பிறகுதான். உங்கள் சென்டருக்கு இன்றைய நிலையில் லீஸ்டு லைன் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் இப்போது இருக்கும் ஒற்றை வீட்டு லைனை நம்பி இரவு கேஸ் எடுப்பதும் சரியில்லை. பக்கவாதம் என்று நள்ளிரவில் தூக்கிக்கொண்டு வரப்படும் ஒருவருக்கு அந்த சிடியில் ரத்தக்கசிவா அடைப்பா என்று தெரிந்தால்தான் அடுத்த மருந்தே ஏற்ற முடியும். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில், கடையில் இருக்கும் சரக்கு இரண்டு இல்லை, மூன்று. வீட்டு பிராட்பேண்ட் ஒன்று. லீஸ்டு லைன் இன்னொன்று. நடுவே பிசினஸ் பிராட்பேண்ட், எஸ்எம்இ பிராட்பேண்ட், ஆபீஸ் ஃபைபர் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் விற்கப்படுவது மூன்றாவது. இந்த நடுவில் இருப்பதுதான் ஆளைக் குழப்புகிறது. பெரும்பாலான இடங்களில் அது வீட்டு லைனேதான்: அதே பெட்டி, இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் அதே ஸ்பிளிட்டர், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் அதே டிராப் கேபிள். கூடுதலாகக் கிடைப்பது ஒரு ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி), நிறுவனத்தின் பெயரில் ஜிஎஸ்டி பில், கஸ்டமர் கேரில் கொஞ்சம் முன்வரிசை. அது மோசமான சரக்கு என்று சொல்லவில்லை, பலருக்கு அது போதும். ஆனால் "பிசினஸ் ஃபைபர்" என்ற பெயரைப் பார்த்து, லைன் தனியாக வருகிறது என்று நினைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாற்றம்தான்.

வீட்டு லைன் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் 200-க்கும் 50-க்கும் உள்ள கணக்கு புரியும். நம் ஊரில் வீட்டு ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் என்ற முறையில் வருகிறது. கம்பெனியின் அறையிலோ, அவர்களோடு கூட்டு வைத்திருக்கும் கேபிள்காரரின் அறையிலோ ஓஎல்டி என்று ஒரு பெட்டி இருக்கும். அதன் ஒரு போர்ட்டிலிருந்து ஒரே ஓர் இழை கிளம்பும். வழியில் கம்பத்துப் பெட்டிகளில் இருக்கும் ஸ்பிளிட்டர்கள் அதை 8, 16, 32 என்று பிரித்துக்கொண்டே போகும், சில இடங்களில் 64 வரை. ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம், அது வெளிச்சத்தைப் பங்கு போடும் கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். உங்கள் சுவரில் இருக்கும் ஓஎன்டி என்ற சின்னப் பெட்டி அந்தப் பங்குகளில் ஒன்றின் முனை.

அந்தப் போர்ட் மொத்தத்துக்கும் டவுன்லோடு திசையில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அப்லோடு திசையில் சுமார் 1.25 ஜிபிபிஎஸ். 32 வீடும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுத்தால் ஒரு வீட்டுக்கு டவுன்லோடு 78 எம்பிபிஎஸ் அளவும், அப்லோடு 39 அளவும்தான் வரும். 64 என்றால் அதிலும் பாதி. ஆனால் எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை, அந்தத் துணிச்சலில்தான் ஒவ்வொருவருக்கும் 200 என்று விற்கிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. உலகம் முழுக்க இப்படித்தான், இதனால்தான் நமக்கு இந்த விலையில் கிடைக்கிறது. விளம்பரத்தில் 200-க்குப் பக்கத்தில் "வரை" என்று சின்ன எழுத்தில் ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் படிக்கக் கூடாது.

அப்லோடு திசையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எல்லா வீட்டு ஓஎன்டிகளும் ஒரே இழையில் மேலே பேச வேண்டியிருப்பதால், ஓஎல்டி ஒவ்வொன்றுக்கும் முறை வைத்து நேரத்துண்டு தருகிறது. இந்த நேரத்தை ஒருவருக்கு நிலையாக ஒதுக்கலாம், குறைந்தது இவ்வளவு என்று உறுதி தரலாம், அல்லது மற்றவர்களுக்குப் போக மிச்சம் இருந்தால் தரலாம். மூன்றுக்கும் ஜிபான் தரத்திலேயே இடம் உண்டு. வீட்டுத் திட்டங்கள் வழக்கமாகக் கடைசி வகையில் இருக்கும். உங்களுக்கு அப்லோடுதான் உயிர் என்பதால் இதைச் சொல்கிறேன்.

சில உள்ளூர் ஆபரேட்டர்கள் ஜிபானுக்குப் பதிலாக ஈபான் போட்டிருப்பார்கள். அதில் ஒரு போர்ட்டுக்கு இரு திசையிலும் சுமார் 1 ஜிபிபிஎஸ்தான். புதிதாக வரும் எக்ஸ்ஜிஎஸ்-பானில் இரு திசையிலும் 10 ஜிபிபிஎஸ். எது ஓடுகிறது என்று லைன்மேனிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்.

இவ்வளவு சொன்னாலும், இரவு எட்டு மணிக்கு மேல் வரும் மந்தத்துக்கு ஸ்பிளிட்டர் காரணமாக இருப்பது குறைவு. ஓஎல்டியிலிருந்து சென்னை நோக்கிப் போகும் பெரிய குழாயில்தான் நெரிசல் வருகிறது. பத்துப் பதினைந்து போர்ட் உள்ள ஓஎல்டிக்குப் பின்னால் ஆபரேட்டர் ஒரே ஒரு 1 ஜிபிபிஎஸ் இணைப்பை வைத்திருந்தால், ஊரே கிரிக்கெட் பார்க்கும் இரவில் உங்கள் சிடி படம் வரிசையில் நிற்கும். ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் இது மாறும். ஒரே திட்டம், ஒரே விலை, ஒரே கம்பெனிப் பெயர், ஆனால் பெருந்துறை ரோட்டில் ஒரு மாதிரியும் சூரம்பட்டியில் வேறு மாதிரியும் இருக்கலாம்.

சரி, லீஸ்டு லைன் என்ன செய்கிறது? 50 என்றால் 50. அப்லோடும் 50, டவுன்லோடும் 50, காலையும் 50, இரவு ஒன்பது மணிக்கும் 50. இதை 1:1 என்பார்கள். ஸ்பிளிட்டர் எதுவும் இல்லாமல் கம்பெனியின் சுவிட்சிலிருந்து உங்கள் இடம் வரை ஒரு தனி இழை, அதற்குப் பின்னால் அவர்களுடைய வலையில் அந்த 50-க்கான இடமும் ஒதுக்கப்பட்டிருக்கும். கூடவே பொது ஐபிகள், ட்ராஃபிக் கிராஃப், ஒப்பந்தம். குறைந்தது ஒரு வருடக் கட்டு இருக்கும். முதலில் ஃபீசிபிலிட்டி, அதாவது உங்கள் இடத்துக்கு லைன் தர முடியுமா என்று பார்க்க ஆள் வருவார், அப்புறம் கேபிள் இழுக்கச் சில வாரங்கள் ஆகும். வீட்டு லைன் மாதிரி நாளைக்கே வந்து மாட்டிவிட்டுப் போகும் வேலை இல்லை.

இதிலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டாம். லீஸ்டு லைன் என்ற பெயரில் கடைசி ஒரு கிலோமீட்டரை மொட்டை மாடியில் ஒரு ரேடியோ டிஷ் வைத்து முடித்துவிடுவதும் உண்டு. ஜிபான் போர்ட்டிலேயே நிலையான நேரத்துண்டு ஒதுக்கித் தருவதும் உண்டு. இரண்டாவது அவ்வளவு தவறில்லை. முதலாவது, மழையிலும் பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பும்போதும் தொல்லை தரும். "லாஸ்ட் மைல் தனி ஃபைபரா, ஜிபானா, ரேடியோவா?" என்று மெயிலில் கேட்டு மெயிலிலேயே பதில் வாங்குங்கள்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். சிடியின் ஒரு ஸ்லைஸ் வழக்கமாக 512-க்கு 512 புள்ளி, ஒரு புள்ளிக்கு 2 பைட். அதாவது ஒரு படம் அரை எம்பி. 600 ஸ்லைஸ் உள்ள ஒரு ஸ்டடி, அதாவது ஒருவரின் முழு ஸ்கேன், சுமார் 300 எம்பி. ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் மெகாபிட்டில் சொன்னால் 2500 அளவு. 200 எம்பிபிஎஸ் உண்மையிலேயே கிடைத்தால் 12, 13 நொடி. லீஸ்டு லைன் 50-ல் 50 நொடி. நெரிசலான இரவில் உங்கள் வீட்டு லைனின் அப்லோடு 5 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் எட்டு நிமிடத்துக்கும் மேல். தரம் குறையாமல் சுருக்கி அனுப்பும் வசதியை ஸ்கேன் படங்களைச் சேமித்து அனுப்பும் உங்கள் பாக்ஸ் (PACS) மென்பொருளில் ஆன் செய்தால் இந்த நேரம் ஏறக்குறைய பாதியாகும். அது ஆஃபில் கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், அதற்குச் செலவே இல்லை.

இதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், உங்களுக்கு 200 தேவையில்லை என்று தெரியும். கெட்ட இரவிலும் 20, 25-க்குக் கீழே போகாத அப்லோடு இருந்தாலே ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் படம் சேர்ந்துவிடும். அந்த உறுதியை விற்கிற சரக்குதான் லீஸ்டு லைன். அந்த உறுதியை வேறு வழியில் மலிவாகச் சம்பாதிக்க முடிந்தால் அது வேண்டியதில்லை.

வெளிநாட்டு இணையதளங்களில் இந்த ஒப்பீட்டைப் படித்தால் "வீட்டு இணைப்பில் அப்லோடு மிகக் குறைவு, பிசினஸில் இரண்டும் சமம்" என்று முதல் வரியிலேயே இருக்கும். அது அங்கே கேபிள் டிவி கம்பியில் இணையம் வாங்குகிறவர்களுக்கு எழுதியது. இங்கே பெரிய கம்பெனிகளின் வீட்டு ஃபைபர் திட்டங்களில் இரண்டு திசைக்கும் ஒரே எண்ணைத்தான் சொல்கிறார்கள். சொன்ன எண் இரவில் நிற்கிறதா என்பதுதான் நம் கவலை.

நிற்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஒரு வாரம், தினமும் இரவு எட்டரைக்கும் பதினொன்றுக்கும், ஒரே பழைய ஸ்டடியை அதே ரேடியாலஜிஸ்ட்டுக்கு அனுப்பி எத்தனை நிமிடம் ஆனது என்று நோட்டில் எழுதுங்கள். ஸ்பீட் டெஸ்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் உங்கள் கம்பெனியின் சொந்த சர்வரையே தேர்ந்தெடுக்கும், நெரிசல் அதற்கு அப்பால் இருந்தால் தெரியாது. அதோடு ஒரு கம்ப்யூட்டரில் சென்னையில் உள்ள ஒரு சர்வருக்குத் தொடர்ந்து பிங் ஓட விடுங்கள், சின்னச் செய்தி ஒன்று போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அது காட்டும். ஈரோட்டிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். கண்ணாடிக்குள் வெளிச்சம் நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும், ஆக போய்த் திரும்ப 4 மில்லிசெகண்ட் போதும். கேபிள் சுற்றி வருவதையும் வழியில் உள்ள பெட்டிகளையும் சேர்த்தாலும் 10, 15-க்குள் இருக்க வேண்டும். பகலில் 12 இருந்தது இரவில் 80, 100 என்று ஏறி இறங்கினால் எங்கோ வரிசை நிற்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றும் பாருங்கள். ஓஎன்டியின் செட்டிங் பக்கத்துக்குள் போனால் ஆப்டிகல் பவர் அல்லது ஆர்எக்ஸ் பவர் என்று ஓர் எண் இருக்கும், மைனஸில். மைனஸ் 18, மைனஸ் 21 என்றால் நல்ல வெளிச்சம் வருகிறது. மைனஸ் 27-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் வழக்கமான ஓஎன்டி ஒன்றால் படிக்க முடிகிற எல்லையில் இருக்கிறீர்கள், மழை வந்தாலோ கேபிள் கொஞ்சம் அசைந்தாலோ, வெளிச்சம் வரவில்லை என்று சொல்லும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுக்கும். நான் போய்ப் பார்த்த பல இடங்களில் கோளாறு அலமாரிக்குப் பின்னால்தான் இருந்தது. ஓஎன்டியில் மாட்டும் மஞ்சள் பேட்ச் கார்டு கேபிள் கதவிடுக்கில் மடங்கி நசுங்கியிருக்கும், அல்லது பச்சை நிறக் கனெக்டருக்குள் தூசி படிந்திருக்கும். ஆளைக் கூப்பிட்டுப் புது கனெக்டர் போட்டால் மைனஸ் 26 மைனஸ் 20 ஆகிவிடும். இதற்கு லீஸ்டு லைன் வாங்க வேண்டாம். கழற்றிய கேபிள் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்து மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது லேசர்.

வேகம் இவ்வளவுதான். விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு பழுது பார்ப்பதற்கானது. லீஸ்டு லைனோடு எஸ்எல்ஏ என்று ஓர் ஒப்பந்தம் வரும். மொத்த நேரத்தில் 99.5 சதவீதம், 99.9 சதவீதம் லைன் இருக்கும் என்று அதில் போட்டிருக்கும். கேட்க இரண்டும் நூற்றுக்கு நூறு மாதிரி இருக்கும். 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். 99.5 என்றால் மாதம் 3 மணி 36 நிமிடம் வரை லைன் இல்லாவிட்டாலும் கம்பெனி ஒப்பந்தத்தை மீறவில்லை. 99.9 என்றால் 43 நிமிடம். அரை சதவீதத்துக்கும் குறைவான இந்த வித்தியாசத்துக்குள்தான் உங்கள் நள்ளிரவு கேஸ் வரும்.

மீறினால் என்ன தருவார்கள் என்ற பக்கத்தையும் படியுங்கள். மாத வாடகையில் ஒரு பங்கைக் கழிப்பார்கள், அதோடு சரி. நீங்கள் திருப்பி அனுப்பிய நோயாளிக்கும் போன பெயருக்கும் அதில் ஈடு கிடையாது. எந்த நேரத்திலிருந்து கணக்கு ஓடுகிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் லைன் போன நிமிடத்திலிருந்து ஓடாது, நீங்கள் புகார் டிக்கெட் போட்ட நிமிடத்திலிருந்துதான் ஓடும். முன்னறிவிப்போடு செய்யும் பராமரிப்பு, உங்கள் பக்கத்துக் கரண்ட் கோளாறு, இயற்கைச் சீற்றம் எல்லாம் கணக்கில் வராது. சில ஒப்பந்தங்களில் மூன்றாம் ஆள் கேபிளை வெட்டியதும் வராது. நம் ஊரில் லைன் போவதற்குப் பெரிய காரணமே ரோடு தோண்டும் ஜேசிபிதான். தோண்டுமுன் கேபிள்காரர்களுக்குத் தெரிவிக்க மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியே கொண்டுவந்தது. குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் வெட்டும் கான்ட்ராக்டர்கள் அதை ஒழுங்காகப் பயன்படுத்தினால் நமக்கெல்லாம் நிம்மதி. எனவே "ஃபைபர் கட் எஸ்எல்ஏவில் சேர்த்தியா?" என்று கேளுங்கள். "இரவு இரண்டு மணிக்கு ஈரோட்டில் அறுந்த இழையை ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷினோடு ஆள் இருப்பாரா, கோவையிலிருந்து வரணுமா?" என்பதையும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு விற்பனையாளர் தயங்கினால் அந்த எஸ்எல்ஏ காகிதத்தை நான் நம்ப மாட்டேன்.

வீட்டு லைனில் இப்படி ஓர் ஒப்பந்தம் வராது. புகார் செய்தால் நாளைக்குள் வருவார்கள், வராமலும் போகலாம். அதேசமயம், நல்ல கேபிள்காரர் ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தால் பெரிய கம்பெனியின் எஸ்எல்ஏவை விட வேகமாக ஏணியோடு வந்து நிற்பார். கொங்கு ஊர்களில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவருடைய தனிப்பட்ட எண் உங்கள் வரவேற்பறையில் ஒட்டியிருக்கட்டும்.

அடுத்தது, கேபிள் வரும் பாதை. இதை யாரும் விற்பனைப் பேச்சில் சொல்ல மாட்டார்கள், என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம். ஒரு நூல் கிடங்கில் இரண்டு கம்பெனியின் லைன் வாங்கி, ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்று நிம்மதியாக இருந்தார்கள். பஞ்சு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று தெருமுனையில் தாழ்வாகத் தொங்கிய கேபிள் கொத்தை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு லைனும் அதே கொத்தில்தான் வந்தன. விசாரித்தால் இரண்டு கம்பெனிக்கும் கடைசி மைல் ஒரே கேபிள்காரர். அதில் ஒன்று பணம் கொட்டி வாங்கிய லீஸ்டு லைன்.

அதனால் வெளியே போய், உங்கள் சுவரிலிருந்து கேபிள் எந்தக் கம்பத்துக்குப் போகிறது, அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு நூறு இருநூறு மீட்டர் நடந்து பாருங்கள். இரண்டாவது லைன் எதிர்ப்பக்கத்துத் தெரு வழியாக, வேறு ஆளிடமிருந்து வர வேண்டும். அப்படிக் கிடைக்கவில்லை என்றால் 2023-லிருந்து கிடைக்கும் 5ஜி ஏர்ஃபைபர் இணைப்பை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். அது டவரிலிருந்து காற்றில் வருவதால், லாரி இழுத்துப்போக கேபிள் இல்லை. ஆனால் அதன் அப்லோடு டவுன்லோடை விட நன்றாகக் குறைவாக இருக்கும், வாங்குமுன் உங்கள் மாடியில் வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐபி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஸ்டாட்டிக் ஐபிக்காகவே பலர் பிசினஸ் திட்டத்துக்கு மாறுகிறார்கள். ஐபிவி4 என்ற பழைய முறை இணைய முகவரிகளுக்குப் பற்றாக்குறை, ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011-லேயே கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டது. அதனால் வீட்டு லைன்களில் நூற்றுக்கணக்கானவர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள், இதன் பெயர் சிஜிநாட். உங்கள் ரவுட்டரில் வேன் ஐபி (வெளிப்பக்க முகவரி) 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் ஆரம்பித்தால் நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். சில கம்பெனிகள் 10-ல் தொடங்கும் முகவரியும் தருவார்கள், அதுவும் இதே கதைதான். உள்ளிருந்து வெளியே போக எந்தத் தடையும் இல்லை. வெளியிலிருந்து உங்கள் சர்வரைத் தேடி யாரும் வர முடியாது.

ரேடியாலஜிஸ்ட் நேரடியாக உங்கள் பாக்ஸ் சர்வருக்குள் வந்து படம் பார்க்கிறார் என்றால் ஸ்டாட்டிக் ஐபி வேண்டும் என்பார்கள். தயவுசெய்து அந்த வழியில் போய், வெளியிலிருந்து யாரும் நுழையும்படி ரவுட்டரில் போர்ட் திறந்து வைத்துவிடாதீர்கள். 2019-ல் ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம் தேடிப் பார்த்தபோது, பாஸ்வேர்டு கூட இல்லாமல் மருத்துவப் பட சர்வர்கள் உலகம் முழுக்கத் திறந்து கிடந்தன, நோயாளிகளின் பெயரும் படமும் சேர்ந்து. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. நம்மை நம்பி உடம்பைக் காட்டியவர்களின் படம் அது. அதற்குப் பதிலாக உங்கள் பக்கத்திலிருந்தே படம் வெளியே தள்ளப்படும்படி வையுங்கள், அல்லது உள்ளிருந்து வெளியே கிளம்பும் விபிஎன் (மற்றவர் படிக்க முடியாத தனிப்பாதை) சுரங்கம் ஒன்றைப் போட்டுவிடுங்கள். இரண்டிலும் ஸ்டாட்டிக் ஐபியே தேவைப்படாது, எந்த லைனுக்கு மாறினாலும் வேலை ஓடும்.

மற்றவை சின்ன விஷயங்கள். வீட்டுத் திட்டங்களில் "அன்லிமிடெட்" என்றாலும் பலவற்றில் மாதம் 3300 ஜிபி என்ற வரம்பு இருக்கிறது, அதைத் தாண்டினால் வேகம் குறையும். ஒரு ஸ்டடிக்கு 300 எம்பி என்ற கணக்கில் தினம் 40 கேஸ் அனுப்பினாலும் மாதம் 360 ஜிபிதான், உங்களுக்கு இது தொல்லை இல்லை. லீஸ்டு லைனில் இந்த வரம்பே கிடையாது. சில கம்பெனிகளின் விதிமுறையில் வீட்டுத் திட்டம் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று இருக்கும், அதையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஜிஎஸ்டியைப் பற்றி விற்பனையாளர் பேசியிருப்பார், 18 சதவீதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று. நூல் கடைக்கும் டிசைன் ஆபீசுக்கும் அது பொருந்தும். நோயறிதல் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் உள்ளீட்டு வரியை நீங்கள் எடுக்க முடியாது, அந்த 18 உங்களுக்குச் செலவுதான். ஆடிட்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். லீஸ்டு லைன் விலையை வரியோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

விலை ஏன் இவ்வளவு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்று நீங்கள் மட்டும் கேட்கவில்லை. டீக்கடை, மளிகைக் கடைகளில் பொது வைஃபை கொடுக்கும் பிஎம்-வானி திட்டத்துக்கு 2020 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. எதிர்பார்த்த அளவுக்கு அது பரவவில்லை. அந்தச் சின்னக் கடைகளை இணையக் கம்பெனிகள் லீஸ்டு லைன்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும், அதன் விலையும் ஒரு முக்கியக் காரணம் என்று தொலைத்தொடர்புத் துறையே சொன்னது. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் ஆணை போட்டது: 200 எம்பிபிஎஸ் வரையுள்ள வீட்டு ஃபைபர் திட்டங்களை, வீட்டு விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போகாமல், அந்தக் கடைகளுக்குத் தர வேண்டும். அந்த ஆணை உங்களுக்குப் பொருந்தாது, பிஎம்-வானி கடைகளுக்கு மட்டும்தான். ஆனால் சின்ன இடம் ஒன்றுக்கு ஜிபான் லைனே போதும் என்பதை ஒழுங்குமுறை ஆணையமே ஏற்றுக்கொண்ட மாதிரிதான் நான் அதைப் படிக்கிறேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். இப்போதைய லைனை சென்டர் பெயரில் பிசினஸ் பிராட்பேண்டாக மாற்றிக்கொள்வேன், புகாருக்கு முன்வரிசை கிடைக்கும் என்பதற்காக மட்டும். வேறு ஆளிடமிருந்து வேறு பாதையில் இரண்டாவது லைன் வாங்குவேன், 100 எம்பிபிஎஸ் போதும். இரண்டையும் ஒரு டூயல் வேன் ரவுட்டரில் (இரண்டு இணைய லைனை எடுத்துக்கொள்ளும் ரவுட்டர்) சேர்ப்பேன். அதில் சிடி கம்ப்யூட்டரின் டிராஃபிக்குக்கு முதலிடம், வரவேற்பறை வைஃபைக்கும் சிசிடிவிக்கும் கடைசி இடம். இது மிக அவசியம். சிசிடிவி கேமராக்கள் எல்லாம் கிளவுடுக்கு வீடியோ தள்ளிக்கொண்டிருக்க, காத்திருப்பவர்களும் அதே வைஃபையில் ரீல்ஸ் பார்த்தால், லீஸ்டு லைன் 50-ஐயும் அது தின்றுவிடும். அப்போது 200-லிருந்து 50-க்கு வந்ததுதான் மிச்சம். ஒரு லைன் போனால் மற்றது தானாக எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு ரவுட்டர் வெளியே ஓர் ஐபியைப் பிங் செய்து பார்க்கும்படி வையுங்கள். ஓஎன்டி விளக்கு பச்சையாக இருந்தும் பின்னால் இணையம் இல்லாத நேரங்கள் உண்டு.

எப்போது லீஸ்டு லைன்? எம்ஆர்ஐ வைக்கப்போகிறீர்கள், இன்னும் இரண்டு ஊர் சென்டர்களின் படமும் உங்களிடம் வந்து சேர்ந்து இங்கிருந்து போகப்போகிறது, அல்லது ஆஸ்பத்திரி ஒன்றோடு இத்தனை நிமிடத்துக்குள் ரிப்போர்ட் என்று ஒப்பந்தம் போடுகிறீர்கள் என்றால் அன்றைக்கு வாங்குங்கள். அப்போதும் இரண்டாவது லைனை ரத்து செய்யாதீர்கள்.

கடைசியாகக் கரண்ட். ஓஎன்டி இரண்டையும் ரவுட்டரையும் சிடி அறையின் யுபிஎஸ்ஸோடு சேர்த்துவிடுங்கள். ஆனால் உங்கள் பக்கம் கரண்ட் இருந்தால் மட்டும் போதாது, கேபிள்காரரின் அறையில் ஓஎல்டிக்கும் பேட்டரி தாங்க வேண்டும். இதைச் சோதிக்க மின்வாரியமே மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை கரண்டை நிறுத்தி வசதி செய்து தருகிறது. அடுத்த பராமரிப்பு நாளில் மதியம் ஒன்று, மூன்று, நான்கரை மணிக்கு இரண்டு லைனிலும் ஒரு ஸ்டடி அனுப்பிப் பாருங்கள். எந்த லைன் முதலில் படுக்கிறதோ அந்த ஆபரேட்டரிடம் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். மாற்றவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், ஒரு வருடக் கட்டு இல்லாத லைன்தானே.